நான்காவது துவாரம்

"இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்கம்மா" என்கிறாள். இதற்கு மேல் திறந்தால் தாடை கழன்று அவள் கையோடு வந்துவிடும். ஆனாலும் திறக்கிறேன். வாயை மூடு என்று கேட்டுத்தான் எனக்குப் பழக்கம், திற என்று கெஞ்சுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். முகத்துக்கு நேரே விளக்கு, விளக்குக்குப் பின்னால் அவள். முகமூடி, கண்ணாடி, தலையில் ஒரு துணித் தொப்பி. இத்தனைக்கும் நடுவே தெரிவது இரண்டு புருவம் மட்டும். நான் பார்க்க வந்தது முகத்தை. போட்டோவில் எல்லாரும் லட்சணமாகத்தான் இருப்பார்கள், இப்போது போனிலேயே பருவை எடுத்துவிடுகிறார்கள், நிறத்தை ஏற்றிவிடுகிறார்கள், அதனால்தான் நேரில் பார்த்துவிடுவோம் என்று வந்தேன். போன வாரம் வந்தபோதும் முகமூடிதான். டாக்டர் என்றால் போடத்தான் செய்வார்கள், தெரியும். தெரிந்தாலும், மூக்குக்குக் கீழே ஏதாவது இருக்குமோ, தெற்றுப்பல்லோ என்னமோ, என்று ஒரு எண்ணம் வந்துவிட்டால் போவேனா என்கிறது. பல் டாக்டருக்கே தெற்றுப்பல் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். சிரிக்கப் போனேன், ஊசி போட்ட பக்கம் உதடு ஏறவில்லை. உதடு இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தேன். "தொடாதீங்கம்மா, கொஞ்ச நேரத்துல சரியாயிரும்" என்றாள். எல்லாவற்றுக்கும் கொஞ்ச நேரம்தான் இவளுக்கு.

இங்கே என் பெயர் சரோஜா. வாசலில் சீட்டு எழுதுகிற ஜெபராணியிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவள் கூப்பிட்டால் சட்டென்று திரும்ப வேண்டுமே என்று பஸ்ஸில் வரும்போதே சரோஜா, சரோஜா என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். சொந்தப் பெயரைச் சொல்ல முடியாது. காந்திமதி என்ற பெயர் என் மகன் குமரகுருவின் ஜாதகத்தில் தாயார் என்ற இடத்தில் இருக்கிறது, அந்த ஜாதகம் இந்த டாக்டர் மங்கையர்க்கரசியின் அப்பா கையில் இருக்கிறது. தச்சநல்லூர் தெய்வானை மதினி கொண்டுவந்த இடம். பொருத்தம் பார்த்தாயிற்று, நன்றாகச் சேர்ந்திருக்கிறது. என்றைக்குப் பெண் பார்க்க வருகிறீர்கள் என்று அவர்கள் கேட்டுவிட்டார்கள், இன்று பொழுது சாய்வதற்குள் நாளைச் சொல்ல வேண்டும், நான்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். குமரகுருவுக்கு மின்வாரியத்தில் இன்ஜினியர் வேலை, நெற்றியில் முடி ஏறத் தொடங்கிவிட்டது. இதற்கு முன்னால் வந்த இடங்களெல்லாம் நான் விசாரித்து விசாரித்தே தட்டிப்போனவை. முந்தாநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இதுவும் இல்லைன்னு ஆச்சுன்னா இனி எனக்குப் பொண்ணே பாக்காதம்மா" என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவன் மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தியை வீட்டுக்குள் கூட்டிவந்துவிட முடியுமா? விசாரித்தேன். இவள் வீட்டுப் பக்கம் பூக் கட்டுகிறவளிடம் பேச்சுக் கொடுத்தேன். இவளுக்கு ஜாக்கெட் தைக்கிற டெய்லரிடம் ஒரு துணியைக் கொடுத்துவிட்டு நின்றேன், டெய்லருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. எல்லாரும் தங்கமான பெண் என்றார்கள். அங்கேதான் எனக்கு உறுத்தியது. ஒருத்தியைப் பற்றிக் கேட்டால் வாய்க்காரி என்பார்கள், கஞ்சம் என்பார்கள், கொஞ்சம் தலைக்கனம் என்பார்கள், அப்படித்தானே மனுஷர்கள் பேசுவார்கள்? எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? படிப்பு இருக்கிறது, சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாள், குடும்பம் நல்ல குடும்பம், அப்படியிருக்கும்போது முப்பது வயது வரைக்கும் ஏன் யாரும் கொத்திக்கொண்டு போகவில்லை? ஏதோ ஒன்று இருக்கும். வெளியே தெரியாமல் உள்ளே ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்கிறார். முப்பத்தைந்து வருஷமாக அவருக்கு அது ஒன்றுதான் தெரியும்.

பல்வலி நிஜம். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வேவு பார்ப்பதற்காகவே நல்ல பல்லைக் கொண்டுபோய் நீட்டினேன் என்று ஆகிவிடும். மேல் வரிசையில் இடது பக்கக் கடைவாய்ப்பல். ராத்திரி தலையணையில் கன்னம் பட்டால் காது வரை இழுக்கும். வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் உடனே ஆளுக்கு ஒரு டாக்டர் பெயரைச் சொல்வார்கள், எந்த டாக்டர் யாருக்குக் கமிஷன் கொடுக்கிறான் என்று நான் கண்டேனா? கிராம்பை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். இவளிடம் வரத்தான் போகிறோம், சும்மா சுத்தம் பண்ணணும் என்று சொல்லி உட்கார்ந்துகொண்டு ஆளை நோட்டம் விடுவோம் என்று போன வாரம் வந்தேன். இவள் ஒரு எவர்சில்வர் குச்சியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள். "இது வலிக்கா? இது?" அந்தப் பல்லில் பட்டதும் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன். "எவ்வளவு நாளாம்மா இருக்கு?" என்றாள். "இன்னைக்குக் காலையிலதாம்மா" என்றேன். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தவள், "கிராம்பு வச்சு வச்சு ஈறெல்லாம் வெந்து போயிருக்கேம்மா" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. ஆனாலும் பிடித்துவிட்டாள். என்னை அப்படி ஒருத்தரும் பிடித்ததில்லை, எனக்கு அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

பிடுங்கிவிடலாம் என்பாள், அல்லது பெரிய செலவில் இழுத்துவிடுவாள், இரண்டில் ஒன்று என்று காத்திருந்தேன். "பல்லு கல்லு இல்லம்மா" என்று ஆரம்பித்தாள். "உள்ள சின்னதா ஒரு அறை, அதுல நரம்பும் ரத்தமும். சொத்தை அது வரைக்கும் போயி உள்ள இருக்கது அழுகிட்டு. அதை எடுத்து, வேரோட நுனி வரைக்கும் சுத்தம் பண்ணி, அடைச்சு, மேல ஒரு கவசம் போட்டுட்டா பல்லு உங்க வாயிலயே இருக்கும்." "பிடுங்கிட்டா ஜோலி முடிஞ்சிதேம்மா" என்றேன். "பிடுங்குதது லேசும்மா. அப்புறம் பக்கத்துப் பல்லு அந்த இடத்துல சாயும், கீழ்ப்பல்லு மேல ஏறிவரும். காப்பாத்தவே முடியாதுன்னாதான் பிடுங்கணும்." "நரம்பை எடுத்தா பல்லு செத்துப்போவும்லா? செத்ததை வாயில வச்சுக்கிட்டு இருக்கவா?" இதைக் கேட்டதும் புருவம் இரண்டும் மேலே போயின. "உணர்ச்சி போவும், வேலை போவாது. சுத்தி இருக்க எலும்பு உசுரோட இருக்குல்லா, அது பிடிச்சு வச்சுக்கிடும்" என்றாள். பேச்சு சுத்தமாக இருந்தது. சுத்தமாகப் பேசுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அப்புறம் ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் காட்டினாள், கறுப்பும் சாம்பலுமாக வேர்கள், நுனியில் ஒரு இருட்டு. இதே படத்தைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்களோ என்று மூலையில் பெயரைத் தேடினேன். சரோஜா என்று இருந்தது. அப்பாடா, என் பல் இல்லை என்று ஒரு கணம் நிம்மதியாகிவிட்டது. பிறகுதான் நானே அந்தச் சரோஜா என்று நினைவு வந்தது.

இப்போது வாயில் ஒரு ரப்பர் துணியை விரித்திருக்கிறாள். பச்சை நிறம். நடுவில் ஓட்டை போட்டு, அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே இழுத்து, வளையத்தால் கவ்வவிட்டு, சுற்றிலும் கம்பி கட்டி இழுத்துவிட்டாள். எச்சில் படக் கூடாதாம், மருந்து தொண்டைக்குள் போகக் கூடாதாம். மொத்தத்தில் பேச முடியாது. இது நமக்கு வைத்த ஆப்புதான். விசாரிக்க வந்தவள் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, அவள் சாவகாசமாக என் வாய்க்குள் விசாரணை செய்கிறாள். மிஷின் ஓடுகிறது, மண்டைக்குள் மாவு மில் திறந்த மாதிரி. வலி இல்லை. வலி இல்லை என்பதை எப்படி நம்புவது? வலிக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? கன்னம் மரத்து, மூக்கோரம் மரத்து, இப்போது கண்ணுக்குக் கீழேயும் மரக்கிறது. மேல்பல்லில் கை வைத்தால் கண் போய்விடும் என்பார்கள். அம்பாசமுத்திரத்தில் எங்கள் அத்தானுக்கு மேல்பல்லைப் பிடுங்கிய அந்த வருஷமே இடது கண் மங்கியது. அது புரை, வயதுக்கு வருவதுதான், பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று கண் டாக்டர் சொன்னார். டாக்டரை டாக்டர் விட்டுக்கொடுப்பாரா? இடது கண்ணை மூடித் திறந்து பார்க்கிறேன். விளக்கு தெரிகிறது. வலது கண்ணை மூடிவிட்டு இடதால் மட்டும் பார்க்கிறேன். தெரிகிறது, ஆனால் முன்பு இருந்த அளவு தெரிகிறதா? "கண்ணு கூசுதாம்மா?" என்று விளக்கை நகர்த்துகிறாள். எதையும் விடமாட்டாள் போலிருக்கிறது.

ஒரு வாடை வருகிறது. பிளீச்சிங் பவுடர் வாடை. தண்ணீர்த் தொட்டி கழுவுகிற சாமானைப் பல்லுக்குள் ஊற்றுகிறாளா? ஜெபராணி பக்கத்தில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, தினமும் பார்க்கிறவள் முகத்தில் என்ன தெரியும்? எனக்கு வாடை என்றால் எப்போதும் ஒரு படி கூடுதல்தான். குமரகுரு பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சட்டையைக் கழற்றச் சொல்லி மோந்து பார்ப்பேன். பீடி வாடை வருகிறதா, பரோட்டாக் கடை வாடை வருகிறதா, எங்கே நின்றிருக்கிறான், யாரோடு நின்றிருக்கிறான், எல்லாம் சட்டை சொல்லிவிடும். டியூஷனுக்குப் போகிறேன் என்றால் டியூஷன் வாத்தியார் வீட்டுக்கு ஒரு போன். நண்பன் வீட்டில் படிக்கிறேன் என்றால் நண்பன் அம்மாவுக்கு ஒரு போன். அப்படிக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்தேன். அதனால்தான் இன்று இந்த ஊரில் இப்படி ஒரு பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று என்னால் சொல்ல முடிகிறது. யாரை நம்பாவிட்டாலும் அவனை நம்பலாம். என்னிடம் எதையும் மறைக்க மாட்டான். இந்தப் பெண்ணின் நம்பர் ஜாதகத்தோடுதான் வந்தது, நான் சொல்லும்வரை பேசாதே என்றேன், சரிம்மா என்றான், முடிந்தது. இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை அப்படிக் கேட்கும்?

மிஷின் சத்தம் நின்று, இப்போது ஊசி மாதிரி ஒன்றை விரலால் திருகித் திருகி உள்ளே விடுகிறாள். உதட்டில் ஒரு கொக்கி, கொக்கியிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஒரு பெட்டி கூவுகிறது. வேரின் நுனி நெருங்கினால் கூவுமாம். பெட்டி கூவுவதை நம்பி, என் வேருக்குள் நரம்பு ஓடிய துவாரம் ஒவ்வொன்றாக இறங்குகிறாள். முதல் துவாரம் கூவியது, இரண்டாவது கூவியது, மூன்றாவது கொஞ்சம் அடம் பிடித்துவிட்டுக் கூவியது. "மூணும் ஆச்சே டாக்டர், மருந்து வச்சிரலாமா?" என்று ஜெபராணி கேட்கிறாள். அதுதான் சரி, சீக்கிரம் அனுப்பு, தாடை தெறிக்கிறது. "இல்ல ஜெபா. இன்னொண்ணு இருக்கணும்." "படத்துல மூணுதான் தெரியுது டாக்டர்." "படத்துல தெரியாது. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஒளிஞ்சு நிக்கும்." "வெளிய ரெண்டு பேரு முணுமுணுக்காங்க." "முணுமுணுக்கட்டும். இதை விட்டுட்டு மூடினா வெளிய பாக்கதுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கும், உள்ள அழுகிக்கிட்டே கெடக்கும். ஏதோ ஒண்ணு இருக்கு ஜெபா, நான் லேசுல நம்ப மாட்டேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏதோ ஒண்ணு இருக்கு. அது என் வார்த்தை. எத்தனை வருஷமாக நான் சொல்லி, வீட்டுக்காரர் பேப்பருக்குள் ஒளிந்து, மதினிமார்கள் வாயைப் பொத்திச் சிரித்து, யாருக்கும் புரியாத என் வார்த்தையை இவள் சர்வசாதாரணமாகச் சொல்கிறாள். கண்ணாடிக்கு மேல் இன்னொரு சின்னக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிகிறாள். கீறிப் பார்க்கிறாள். கழுவுகிறாள், காற்று ஊதுகிறாள், மறுபடி கீறுகிறாள். கழுத்து வலிக்காதா இவளுக்கு? ஜெபராணி கைமாற்றிக் கைமாற்றிக் குழாயைப் பிடிக்கிறாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், இருக்கும், விடாதே, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாரு என்று சொல்ல வேண்டும்போல வருகிறது. சட்டென்று பெட்டி கூவியது. "கிடைச்சிட்டு!" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு துள்ளல். "இங்க பாரு ஜெபா, எப்படி ஒளிஞ்சிருக்கு பாரு!" இருந்திருக்கிறது. என் பல்லுக்குள் எனக்கே தெரியாமல் ஒரு நான்காவது துவாரம் இருந்திருக்கிறது. இவளைத் தவிர வேறு யாராவதாக இருந்தால் மூன்றோடு மூடி அனுப்பியிருப்பார்கள். இவள் என் ஆள். முகமூடிக்குள் தெற்றுப்பல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கீரைக்காரியிடம் நான் கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று இவள் வேரைப் பார்ப்பாள். பால் பாக்கெட்டில் நான் தேதி பார்த்து வைத்ததை இவள் இன்னொரு தடவை பார்ப்பாள், எனக்குக் கோபமே வராது. வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று போனதும் சொல்லிவிட வேண்டும். ஐயோ, அன்றைக்கு என் முகத்தைப் பார்த்ததும் சரோஜாம்மா என்பாளே. என்றால் என்ன, விசாரிக்க வந்தேன் என்று இவளிடம் சொன்னால் இவளுக்குப் புரியும், இவளுக்கு மட்டும்தான் புரியும்.

"மருந்து கொஞ்ச நேரம் உள்ள ஊறட்டும்மா, அப்படியே இருங்க" என்கிறாள். இரு என்றால் இருந்துவிட்டுப் போகிறேன், மருமகள் சொல்லி மாமியார் கேட்பது இன்றைக்கே ஆரம்பமாகட்டும். ஜெபராணி வெளியே காத்திருப்பவர்களைச் சமாதானம் செய்யப் போகிறாள். ஒரு போன் அடிக்கிறது. என்னுடையது இல்லை. இவள் கையுறையைக் கழற்றிவிட்டு என் தலைக்குப் பின்னால் ஜன்னலோரம் போய் நிற்கிறாள். "சொல்லுங்கப்பா. பேஷண்ட் இருக்காங்க, பரவால்ல, மருந்து ஊறுது. தெய்வானை அத்தை வந்து உக்காந்திருக்காவளா?" எனக்குக் காது தானாகத் தீட்டிக்கொண்டது. பதில் கேட்டு மதினி அங்கேயே போய்விட்டாள்போல, அவசரக்குடுக்கை. "அவுக வீட்டுல இருந்து இன்னும் நாள் சொல்லலையா? சொல்லலைன்னா விடுங்கப்பா. நாமளே சொல்லிருவோம். இல்லப்பா. வேண்டாம்."

வேண்டாம். எது வேண்டாம்? நாள் வேண்டாமா, வெள்ளிக்கிழமை வேண்டாமா? ரப்பருக்குப் பின்னால் நாக்கு மடங்கிக்கிடக்கிறது. "யாரும் எதுவும் சொல்லலப்பா. நல்ல மனுஷன்தான். ஒரு மாசமாப் பேசுதோம்லா." யார்? யார் ஒரு மாசமாப் பேசுகிறது? "குணம் தங்கம். ஆனா எதைக் கேட்டாலும் முதல்ல ஒரு பொய் வருதுப்பா. சாப்பிட்டீங்களான்னு கேட்டா ஆச்சும்பாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, இல்ல, இனிமேத்தான்ம்பாரு. எங்க இருக்கீங்கன்னா ஆபீஸ்லம்பாரு. அப்புறம், இல்ல, பஸ் ஸ்டாண்டுல நிக்கேம்பாரு. பஸ் ஸ்டாண்டுல நிக்கதுல மறைக்க என்னப்பா இருக்கு? கேட்டுட்டேன் ஒருநாள். வீட்டுல எதைச் சொன்னாலும் நாலு கேள்வி வரும், அதனால முதல்ல வாய்க்கு வந்ததைச் சொல்லி வச்சிருவேன், அப்புறமாத்தான் யோசிப்பேன், பழகிப்போச்சுன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல." அப்பா அந்தப் பக்கம் ஏதோ சொல்கிறார், இரைச்சலாகக் கேட்கிறது. "அவுக அம்மாவையா? நான் எதுக்குப்பா குத்தம் சொல்லணும், அவுகளைப் பாத்ததுகூட இல்ல. பிள்ளை மேல உசுரா இருப்பாங்களா இருக்கும். எனக்குச் சந்தேகப்பட ஆஸ்பத்திரியில ஊரு வாயெல்லாம் இருக்குப்பா, நாள் பூராச் சந்தேகப்படுதேன். வீட்டுக்குப் போயும் அதே வேலைன்னா முடியாதுப்பா. பக்குவமாச் சொல்லி அனுப்பிருங்க."

பொய். இவள்தான் பொய் சொல்கிறாள். வேறு எவனையோ மனதில் வைத்துக்கொண்டு என் பிள்ளை மேல் பழியைப் போடுகிறாள், நான் அப்போதே நினைத்தேன் ஏதோ ஒன்று இருக்கும் என்று. என் பிள்ளை சாப்பிட்டதற்கும் சாப்பிடாததற்கும் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? இன்றைக்குக் காலையில்கூட, இட்லி சாப்பிட்டியாப்பா என்று பின்கட்டிலிருந்து கேட்டேன், ஆச்சும்மா என்றான். ஆச்சும்மா என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினான். நான் வந்து பாத்திரத்தைத் திறந்து இட்லியைப் பார்த்தேன். வைத்த மாதிரியே இருந்தது. அவசரம், சாப்பிடாமல் போய்விட்டான் என்று மூடி வைத்தேன். ஆச்சு என்றானே என்று அப்போது தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? ஊரிலே ஒருத்தர் விடாமல் சந்தேகம் தோன்றுகிற எனக்கு அவனிடம் மட்டும் ஏன் தோன்றவில்லை? போனைக் கவிழ்த்து வைக்கிறான் ஒரு மாசமாக. மொட்டை மாடிக்குப் போகிறான், காற்று வாங்கப் போறேம்மா என்கிறான். காற்றுதான் வாங்குகிறான் என்று இருந்துவிட்டேன். ஒருநாள் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, அவன் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, படியில் ஏறிப் போனேன், யாருப்பா போன்ல என்றேன், ஆபீஸ்லருந்தும்மா என்றான். சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. பஸ் ஸ்டாண்டில் நிற்பதில் மறைக்க என்ன இருக்கிறது. ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டில் ஏன் நிற்கிறாய், பஸ் இன்னுமா வரவில்லை, முந்தின பஸ்ஸை ஏன் விட்டாய், கூட யார் நிற்கிறார்கள். இவ்வளவுதானே கேட்பேன். இவ்வளவுதான் கேட்பேன். பிள்ளைக்கு அது அவ்வளவு பாரமா?

இரு, அவசரப்படாதே, போனை வைக்காதே என்று சொல்ல வேண்டும். கத்தினேன். ரப்பருக்குள்ளிருந்து மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஓடி வந்துவிட்டாள். "என்னம்மா, வலிக்கா? மருந்து எங்கயும் படுதா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். "கண்ணுல தண்ணி வருதே." பஞ்சை எடுத்துக் கண்ணோரத்தை ஒற்றினாள், காதுக்குள் இறங்கப்போனதையும் ஒற்றினாள். எவ்வளவு பதமான கை. கொஞ்சம் கடுகடுப்பான கையாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும், சவத்தைத் தள்ளு, போனால் போகட்டும் என்று எழுந்து போயிருப்பேன். "பயந்துட்டீங்களா? வாயைத் திறந்தே வச்சிருக்கது கஷ்டம்தாம்மா, இந்தா முடிஞ்சிரும்" என்று தோளைத் தட்டிக்கொடுத்தாள். யார் பிள்ளையை வேண்டாம் என்றாளோ அந்தத் தாயைத்தான் தட்டிக்கொடுக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலு துவாரத்தையும் துடைத்தாள், மருந்து வைத்தாள், மேலே பசை மாதிரி ஒன்றை வைத்து அமுக்கினாள். ரப்பரைக் கழற்றியதும் தாடை தானாக மூட மறுத்தது. கையால் பிடித்துத்தான் மூட வேண்டியிருந்தது.

"இனி இந்தப் பல்லு வலிக்காதும்மா. அடுத்த வாரம் வாங்க, உள்ள முழுசா அடைச்சுட்டு, கவசத்துக்கு அளவு எடுத்துருவோம். அதுவரைக்கும் இந்தப் பக்கம் கடிக்காதீங்க. விட்டிருந்தா பிடுங்கத்தான் வேண்டியிருந்திருக்கும், நல்ல நேரத்துல வந்தீங்க" என்கிறாள். நாற்காலி நிமிர்கிறது. எழுந்து போய்விடலாம். சரோஜாவாக வந்தேன், சரோஜாவாகப் போய்விடலாம். மதினி வந்து அந்த இடம் சரிப்படாது என்று பக்குவமாகச் சொல்வாள், எனக்கு அப்போதே தெரியும் என்று நானும் சொல்லலாம். குமரகுரு தட்டைத் தள்ளி வைப்பான். இனி எனக்குப் பொண்ணு பாக்காதம்மா என்று அதே மெதுவான குரலில் சொல்வான். சரிப்பா, சாப்பிட்டியா என்பேன். ஆச்சும்மா என்பான். அப்படியே எத்தனை வருஷம்? பயமாக இருக்கிறது, பல்லுக்குக்கூட நான் இப்படிப் பயப்படவில்லை. பையில் போன் அடிக்கிறது. அவன்தான். இவள் முதுகைக் காட்டிக்கொண்டு குழாயில் கை கழுவுகிறாள். எடுக்கிறேன். "எங்கம்மா இருக்க? அப்பா தேடுதாவ."

"கோயில்லப்பா" என்றேன். உதடு மரத்துப்போய்ப் பாதி வார்த்தை காற்றாகப் போனது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது, யோசிப்பதற்குள் வந்துவிட்டது. "சரிம்மா, பாத்து வா" என்றான். எந்தக் கோயில் என்று கேட்கவில்லை, இந்த மத்தியான நேரத்தில் நடை சாத்தியிருக்குமே என்று கேட்கவில்லை, குரல் ஏன் குழறுகிறது என்றுகூடக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத பிள்ளை. வைக்கப் போகிறான். "எய்யா, வச்சிராத" என்றேன். "கோயில் இல்லய்யா. பாளையங்கோட்டையில பல் ஆஸ்பத்திரியில இருக்கேன். மங்கையர்க்கரசி டாக்டர்ட்ட." குழாயில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.